கொரங்காட்டுக் கொழுக்கட்டைப் புல் செத்துப்போச்சா? ஓட்டிப் போட்டுடலாமா?

மூலனூர்_பேரன் கேட்டது:

வணக்கமுங்க. மூலனூர் பக்கம் அப்பாரு காலத்துக் கொரங்காடு, அதாவது வேலி போட்டு ஏர் ஓட்டாம விட்ட மேய்ச்சல் புல்லுக்காடு, 6 ஏக்கர் எங்களுக்கு இருக்கு. அப்பாவுக்கு முட்டி ஆபரேசன் ஆனதுல இருந்து ரெண்டு வருசமா யாரும் சரியாப் பாக்கல. பக்கத்துத் தோட்டத்துச் செம்மறி உள்ளயே கெடந்திருக்கு. நான் கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் வேலை, மாசத்துக்கு ஒருக்காதான் ஊருக்குப் போறேன்.

போன ஞாயித்துக்கெழமை போய்ப் பாத்தா, புல்லெல்லாம் வைக்கோல் நிறத்துல குத்துக்குத்தாக் கருகிக் கெடக்கு. எத்துனாத் தூசிதான் பறக்குது. இடையில வெறுந்தரையும் சரளைக்கல்லும். வெள்வேலா மரம் ஒரு பதினஞ்சு இருக்கும், அது மட்டும் பச்சை.

டிராக்டர்காரர், "செத்த புல்லுக்கு எதுக்குங்க காவல்? அஞ்சு கலப்பையில ஒரு ஓட்டு ஓட்டி கோ-5 கம்பு நேப்பியர் தீவனப்புல் நட்டுருங்க"ங்கறார். ஆத்தாளுக்கு 81 வயசு. கட்டில்ல இருந்துக்கிட்டே "கொரங்காட்டுல ஏர் வெச்சா நான் சோறு திங்கமாட்டேன்"னு நிக்குது. புல்லுல உசுரு இருக்கா இல்லையான்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?

பட்டிக்காட்டு_அக்கா எழுதியது:

தம்பி, மொதல்ல உங்க ஆத்தாளச் சோறு திங்கச் சொல்லுங்க. டிராக்டர்காரருக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிருங்க.

நான் வெள்ளகோவில் பக்கம். 11 ஏக்கர் கொரங்காடு, நாலு காங்கயம் மாடு, முப்பது சொச்சம் மயிலம்பாடி ஆடு. போன்ல பேசித்தான் எழுதறேன், எழுத்து தப்பா விழுந்தாப் பொறுத்துக்கங்க.

கொழுக்கட்டைப் புல்லு வருசத்துல பாதி நாள் செத்தாப்பலதான் இருக்கும். மேல தெரியறது வெறும் தட்டு, உசுரு தூர்ல இருக்குது. ஒரு குத்த ரெண்டு கையால பிரிச்சுப் பாருங்க. மண்ணோட ஒட்டுன எடத்துல தண்டு முடிச்சு முடிச்சாப் பருத்திருக்கும். மழை பேஞ்சப்ப வளந்தது போக மிச்சத்த அதுலதான் சேத்து வெச்சிருக்குது. நகத்தால சொரண்டுங்க. உள்ள வெளுப்பா ஈரமா இருந்தா உசுரு இருக்குதுன்னு அர்த்தம். பொடியா உதிர்ந்தா, இல்லைன்னா இழுத்த இழுப்புக்குக் குத்தே கையோட வந்துட்டா, கறையான் முடிச்சிருச்சு. பழைய குத்துல நடு செத்து, சுத்தி வளையமாட்டம் மட்டும் உசுரா நிக்கும். நடுவப் பாத்து முடிவு பண்ணீறாதீங்க.

அப்பவும் நம்பிக்கை வல்லைன்னா, காட்டுல அங்கங்க ஏழெட்டுக் குத்துக்கு ஆளுக்கொரு கொடம் தண்ணி ஊத்துங்க. மேல வேலா முள்ள வெட்டி மூடிப்போடுங்க. பத்து நாள் கழிச்சுப் போங்க, அதுவே பதில் சொல்லீரும்.

ஓட்டுனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும், நாங்க ஓட்டுனோம். 2011-ல ஒருத்தர் வந்து, வெறும் புல்லுக்காட்ட வெச்சுக்கிட்டு என்ன பண்றீங்கன்னு கேட்டார். எங்க ஊட்டுக்காரரும் ரோசத்துல 3 ஏக்கர ஓட்டிச் சோளம் வெதச்சுட்டார். மொத வருசம் தோள் ஒசரத்துக்குத் தட்டு. ஊரே வந்து பாத்துது. மறு வருசம் மழை இல்லை. ஆடிக்காத்து தெரியுமில்ல, பாலக்காட்டுக் கணவாயில இருந்து வர்ற காத்து? ஓட்டிப் பொலபொலன்னு கெடந்த மண்ண அது வாரிக்கிட்டுப் போயிருச்சு. கொழுக்கட்டை திரும்ப வல்லை. கொழுஞ்சி வந்துச்சு, ஆடு மோந்து பாத்துட்டுப் போயிரும். ஆவாரை வந்துச்சு. அப்பறம் சீமைக்கருவேலம். ஓட்டுன எடமும் ஓட்டாத எடமும் இன்னிக்கும் கோடு கிழிச்சாப்பல தெரியும். மழை பேஞ்சா இந்தப் பக்கத்துத் தண்ணி செவசெவன்னு ஓடும். புல்லுப் பக்கம் பாதித் தண்ணி குத்தோரமா உள்ளயே எறங்கீரும், ஓடறதும் தெளிவா ஓடும்.

இடையில வெறுந்தரைன்னு கவலப்படறீங்க. குத்துக்குக் குத்து எடம் விட்டு நிக்கறதுதான் இந்தப் புல்லோட லட்சணம், பாய் விரிச்சாப்பல படர்றதுக்கு இது அருகம்புல் இல்லை. அந்த எடத்துலதான் மழைக்கு நரிப்பயறும் செப்பு நெருஞ்சியும் மொளைக்கும். ஆடு அதத் தேடித்தேடித் திங்கும். கௌதாரி குத்தோட அடியில முட்ட வெக்கும். ஆள்காட்டிக்கோ வெறுஞ் சரளைதான் வேணும், கல்லோட கல்லா முட்டைய வெச்சுட்டு நம்ம தலைக்கு மேல கத்திக்கிட்டே சுத்தும். உங்க காட்டுல அது கத்துதா?

கெட்டது உங்க புல்லு இல்லீங்க, ரெண்டு வருசம் விடாம மேஞ்ச செம்மறி. மாடு நாக்கால சுத்தி இழுத்து அறுக்கும், அடி கொஞ்சம் மிஞ்சும். செம்மறி ஒட்டக் கடிச்சுரும், குருத்தே போயிரும். சித்திரை மழைக்கு முன்னாடி கிளுவை வேலியில பொத்தல் இருக்கற எடத்துல போத்து வெட்டி ஊனுங்க. மழை விழுந்ததும் கடவுல படலச் சாத்துங்க. கதிர் வந்து முத்தி உதிர்ற வரைக்கும், ஒண்ணரை ரெண்டு மாசம், ஒரு குட்டிகூட உள்ள போகப்படாது. அப்பறம் காட்ட ரெண்டாத் தடுத்து மாத்தி மாத்தி மேயுங்க. கோடையில வெள்வேலாங்காய் உதிரும், ஆட்டுக்கு அது போதும்.

கோ-5 கெட்ட தீவனம்னு சொல்ல மாட்டேன். ஆனா அதுக்குப் பத்து நாளைக்கு ஒருக்காத் தண்ணி வேணும். உங்க காட்டுல கெணறு இருக்குதா?

டூசான்_வாசி எழுதியது:

அக்கா எழுதினதப் படிச்சுட்டுப் பத்து நிமிஷம் சும்மா உக்காந்திருந்தேன். நான் அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் டூசான் நகரத்தில் இருக்கேன். நீங்க படல் சாத்திக் காப்பாத்தச் சொல்ற அதே புல்லை, இங்கே சனிக்கிழமை காலையில் தன்னார்வலர்கள் கடப்பாரையோட மலை ஏறித் தோண்டி எடுக்கறாங்க. நானும் நாலு தடவை போயிருக்கேன். ஒரு குத்தைப் பிடுங்கறதுக்குள்ள கை பழுத்துடும்.

இங்கே அதுக்குப் பேர் பஃபல் கிராஸ். மேய்ச்சலுக்காகவும் மண் அரிப்பைத் தடுக்கவும் வெளியிலிருந்து கொண்டுவந்தது. சொனோரா பாலைவனத்தில் கள்ளிக்கும் கள்ளிக்கும் நடுவுல வெறுந்தரைதான். தீப் பிடிச்சாலும் தொடர்ந்து போக வழியில்லாமத்தான் காலங்காலமா இருந்தது. அந்த இடைவெளியை இந்தப் புல் நிரப்பிடுச்சு. காஞ்ச புல் வழியா தீ ஓடும். நூத்தம்பது வருஷம் நிக்கக்கூடிய சவாரோ கள்ளி வெந்து சாயும். புல் மட்டும் அடுத்த மழைக்குத் தூர்ல இருந்து துளிர்த்துடும். 2005-ல் அரிசோனா இதைத் தீங்கான களைன்னு பட்டியல்ல சேர்த்தது. மத்திய ஆஸ்திரேலியாவிலும் இதே தலைவலிதான்.

ஊரில் இதுக்கு மேல மாடு இருக்கு, ஆடு இருக்கு, கறையான் இருக்கு. இங்கே அந்தக் கூட்டம் புல்லோட சேர்ந்து வரலை.

மூலனூர்_பேரனுக்கு: அது செத்திருக்கும்னு எனக்குத் தோணலை. நான் பிடுங்கிப் பாத்தவன்.

தாவரவியல்_வாத்தியார் எழுதியது:

சின்னத் திருத்தம். கொழுக்கட்டைன்னு நாம் சொல்வது ஒரே இனம் இல்லை. கதிரில் மயிர் நீளமா மெத்துன்னு இருந்தா செங்க்ரஸ் சிலியாரிஸ். குட்டையா, தட்டையா, விறைப்பா இருந்தா செங்க்ரஸ் செட்டிஜெரஸ். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ-1 நீலக் கொழுக்கட்டையும் உண்டு.

விதை விஷயத்தில் ஒன்று. சிலியாரிஸ் பெரும்பாலும் கருவுறாமலே விதை கட்டும், அதாவது பிள்ளை அப்படியே தாயின் நகல். உங்கள் காட்டில் இந்த ரெண்டு வருடத் தொல்லையைத் தாங்கி நிற்கிற குத்துகளில் இருந்தே விதை எடுங்கள். அந்தச் சரளைக்கும் அந்த மழைக்கும் பழகியது அதுதான்.

பட்டிக்காட்டு_அக்கா:

வாத்தியாரே, எங்க மாமியா இதத்தான் "நின்ன தூர்ல எடு"ன்னு சொல்லும். காரணம் இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

தம்பி, விதை எடுக்கறப்பக் கதிர அறுக்காதீங்க. கையால உருவுங்க, முத்துனது மட்டும் வரும். உடனே வெதச்சாச் சரியா மொளைக்காது. சாக்குல கட்டித் தொங்கவிட்டு அடுத்த வருசம் எடுங்க. பஞ்சாட்டம் பறக்கும், அதனால ஈரச் செம்மண்ணுல பெசறித் தூவுங்க. மண்ண லேசாக் கீறி விட்டாப் போதும், ஆழத்துல போட்டா வராது. சேலையெல்லாம் ஒட்டிக்கும். பேண்ட் போட்டுக்கிட்டுப் போனீங்கன்னா ராத்திரி உக்காந்து பொறுக்கோணும்.

மூலனூர்_பேரன் (12 நாள் கழித்து):

எட்டுக் குத்துக்குத் தண்ணி ஊத்துனனுங்க. அஞ்சுல பச்சை வந்திருக்கு, விரல் நீளம். ரெண்டு கறையான். ஒண்ணு எங்கன்னே தெரியல, மூடி வெச்ச முள்ளு ஓரமாத் தள்ளிக் கெடந்துச்சு, சுத்திப் புழுக்கை. போட்டோவ ஆத்தாகிட்டக் காட்டுனேன். கண்ணாடியக் கழட்டித் தொடச்சுப் போட்டுப் பாத்துட்டு, "இதுல என்ன அதிசயம்"னுச்சு. கெணறு இல்லீங்கக்கா. ஆள்காட்டி கத்துது.

பட்டிக்காட்டு_அக்கா:

அந்த எட்டாவது குத்து யாரு ஊட்டு ஆட்டு வயித்துல இருக்குதுன்னு மொதல்ல பாருங்க. வேலியில அந்தப் பொத்தல்ல இருந்து ஆரம்பிங்க.