சனிக்கிழமை தென் கரோலினா: பைடன் கரையேறுவாரா, சாண்டர்ஸ் அன்றே முடித்துவிடுவாரா?

கொலம்பியாக்காரன் | 2020 பிப்ரவரி 27, வியாழன், காலை 8.10

நாளை மறுநாள் எங்கள் மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் பிரைமரி, அதாவது அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தல். இப்போது முன்னணியில் இருப்பவர் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ். முன்னாள் துணை அதிபர் ஜோ பைடன் இதுவரை வாங்கிய இடங்கள்: அயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது, நெவாடாவில் இரண்டாவது. டிவியில் அவருக்குப் பாடையே கட்டிவிட்டார்கள். 1988இலும் 2008இலும் போட்டியிட்டபோது அவர் ஒரு மாநிலத்தில்கூட ஜெயித்ததில்லை. மூன்றாவது முறையும் அப்படித்தான் என்கிறார்கள்.

நான் இங்கே பதினெட்டு வருடமாகக் குடியிருக்கிறேன். என் கணிப்பை இப்போதே எழுதி வைக்கிறேன். பைடன் ஜெயிப்பார், பதினைந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயிப்பார்.

அயோவாவிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் பத்தில் ஒன்பது பேர் வெள்ளையர். இங்கே 2016 பிரைமரியில் ஓட்டுப் போட்டவர்களில் பத்துக்கு ஆறு பேர் கறுப்பினத்தவர். அது வேறு களம், இது வேறு களம். நேற்று எங்கள் மாநிலத்தின் கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினர் ஜிம் கிளைபர்னும் பைடனுக்கு ஆதரவு சொல்லிவிட்டார். இந்த மாநிலத்தில் அந்த மனிதரின் சொல்லுக்கு என்ன எடை என்பது வெளியூர்க்காரர்களுக்கு எளிதில் புரியாது. 1960இல் ஆரஞ்ச்பர்கில் மாணவராக இருந்தபோது, நிறவெறிக்கு எதிரான போராட்டத்தில் கைதாகி உள்ளே போனவர். பிறகு மனைவியான எமிலியை முதன்முதலில் பார்த்ததும் அந்தச் சிறையில்தான். போன செப்டம்பரில் அந்த அம்மா தவறிவிட்டார். நேற்றுப் பேசும்போது கிளைபர்ன் ஒரு சம்பவம் சொன்னார். ஒரு இறுதிச் சடங்கில் மூதாட்டி ஒருவர் அவரைக் கைகாட்டிக் கூப்பிட்டு, "யாருக்கு ஓட்டுப் போடப் போகிறாய்? வெளியே சொல்ல விருப்பமில்லை என்றால் என் காதில் சொல்" என்று கேட்டாராம். அந்த மூதாட்டியைப் போல ஆயிரக்கணக்கானவர்கள் இங்கே காத்திருந்தார்கள். நேற்று அவர்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கடற்காகம் | வியாழன், காலை 9.35

அண்ணா, மரியாதையோடதான் மறுக்கிறேன். தலைவர் கைகாட்டினா ஜனம் பின்னாடியே போகும்ங்கிற காலம் போயிடுச்சு. போன சனிக்கிழமை நெவாடாவுல என்ன நடந்தது? சமையல்கூடத் தொழிலாளர் சங்கம், அந்த மாநிலத்திலேயே பெரிய சங்கம், அரசே எல்லாருக்கும் தர்ற சாண்டர்ஸோட மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தா நம்ம காப்பீடு போயிடும்னு உறுப்பினர்களுக்கு நோட்டீஸ் அனுப்பினாங்க. அதே உறுப்பினர்கள் ஹோட்டல் வேலை முடிஞ்சு வந்து காக்கஸ்ல, அதாவது கூடிநின்னு ஆதரவு காட்டற கூட்டத்துல, சாண்டர்ஸ் பக்கம் நின்னாங்க. மாவட்டப் பிரதிநிதிக் கணக்குல அவருக்கு 47 சதவீதத்துக்குக் கிட்ட. பைடன் 20.

பைடனோட பழைய கணக்கையும் பேசணும். 1994 குற்றச் சட்டம் செனட்ல யார் கொண்டுவந்தது? எத்தனை கறுப்பினக் குடும்பங்கள்ல பிள்ளைங்க சிறைக்குப் போனாங்க? உங்க மாநில செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட், 1957ல சிவில் உரிமைச் சட்டத்தைத் தடுக்க இருபத்துநாலு மணி நேரத்துக்கு மேல நின்னு பேசினவர். 2003ல அவர் செத்தப்ப உங்க கொலம்பியாவுக்கே வந்து இரங்கல் உரை நிகழ்த்தினது பைடன்தான். சாண்டர்ஸ் 1963ல சிகாகோவுல பள்ளிக்கூடப் பாகுபாட்டை எதிர்த்துக் கைதானவர். வரலாறு பாத்து ஓட்டுன்னா, யார் பக்கம் போகணும்?

கொலம்பியாக்காரன் | வியாழன், காலை 10.50

தங்கச்சி, நீ சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டாய். 1994 சட்டத்துக்குச் சாண்டர்ஸும் ஓட்டுப் போட்டார். கிளைபர்னும் போட்டார். அன்று தெருவில் நடந்த சாவுகளைப் பார்த்து, கறுப்பினத் தலைவர்களிலேயே பலர் வேறு வழி தெரியாமல் ஆதரித்தார்கள். அதை இங்கே யாரும் மறக்கவில்லை, மறைக்கவும் இல்லை.

தர்மண்ட் விஷயத்தை என் பக்கத்து வீட்டு அம்மாவிடமே ஒருமுறை கேட்டிருக்கிறேன். எழுபது தாண்டியவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, ஞாயிறு தவறாமல் கறுப்பினத்தவரின் ஏ.எம்.ஈ. தேவாலயம் போகிறவர். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நாங்கள் வாழ்நாள் முழுக்க அந்த மாதிரி ஆட்களோடு பேசித்தான் பள்ளிக்கூடக் கூரையை மாற்றினோம், சாலை வாங்கினோம். அவர்களோடு பேசத் தெரிந்தவன் எங்களுக்கு எதிரி இல்லை." எனக்கு அந்தப் பதில் முழுக்கச் சம்மதம் இல்லை. ஆனால் சனிக்கிழமை ஓட்டுப் போடப் போவது அவர், நாம் இரண்டு பேரும் அல்ல.

இன்னொன்றும் இருக்கிறது. 2015 ஜூன் 17, சார்ல்ஸ்டனில் மதர் இமானுவேல் தேவாலயத்தில் பைபிள் படிக்க உட்கார்ந்திருந்த ஒன்பது பேரை ஒருவன் சுட்டுக் கொன்றான். பாதிரியார் பிங்க்னியின் அடக்கத்துக்கு ஒபாமா வந்தார், பைடனும் வந்தார். அதற்கு ஒரு மாதம்கூட முன்னால் இல்லை, பைடன் தன் மகன் போவைப் பறிகொடுத்திருந்தார். அடக்கம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, ஞாயிற்றுக்கிழமை அதே தேவாலயத்துக்கு வந்து மக்களோடு உட்கார்ந்தார். பிள்ளையை இழந்த மனிதன் நம் துக்கத்துக்கு வந்து உட்கார்ந்தான் என்பதை இந்த ஊர் மறக்காது. விளம்பரத்தால் இதை வாங்க முடியாது. இன்னொரு வேட்பாளரான கோடீஸ்வரர் டாம் ஸ்டேயர் இங்கே இரண்டு கோடி டாலருக்கு மேல் கொட்டிவிட்டார், மூன்றாம் இடத்துக்குத்தான் போராடுகிறார்.

எண்கணக்கு | வியாழன், பகல் 12.20

உணர்ச்சியை ஒதுக்கிவைத்து, வேட்பாளரை முடிவு செய்யும் கட்சி மாநாட்டுப் பிரதிநிதிகளை எண்ணுவோம்.

தென் கரோலினாவில் 54 பேர். மொத்தம் 3,979, வெல்ல வேண்டியது 1,991. இப்போது சாண்டர்ஸிடம் 45, பைடனிடம் 15. பைடன் இருபது சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தாலும் அவருக்குக் கிடைக்கும் முன்னிலை அந்த முப்பது பேர் இடைவெளியை முழுதாக ஈடுகட்டக்கூடப் போதாது. அதோடு அடுத்த செவ்வாய், மார்ச் 3, பதினான்கு மாநிலங்கள் ஒரே நாளில். கலிபோர்னியா மட்டும் 415, டெக்சாஸ் 228. சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் இருப்பது மூன்றே நாள்.

உண்மையான பூட்டு 15 சதவீத விதியில் இருக்கிறது. ஒரு மாநிலத்தில் 15 சதவீதம் எட்டாதவருக்கு அந்த மாநில ஒதுக்கீட்டில் ஒருவர்கூடக் கிடையாது. மாவட்ட அளவிலும் அதே விதி. கலிபோர்னியாவில் மாநில அளவில் பங்கிடுவது 144. சாண்டர்ஸ் 35 சதவீதம் எடுத்து, பைடன், வாரன், புட்டிஜெஜ், புளூம்பெர்க் எல்லாரும் 14 சதவீதத்தில் நின்றால், அந்த 144ம் சாண்டர்ஸுக்கே. மூன்றில் ஒரு பங்கு ஓட்டு, முழுப் பங்கு பிரதிநிதிகள். எதிரணி சிதறிக்கிடக்கும்வரை அவரைத் தடுக்க முடியாது.

ஆகவே சனிக்கிழமை யார் ஜெயிக்கிறார் என்பதைவிட ஞாயிற்றுக்கிழமை யார் விலகுகிறார் என்பதுதான் கேள்வி. புட்டிஜெஜ் அயோவாவில் முன்னால் வந்தவர், மூன்று நாளில் விலக மாட்டார். குளோபச்சருக்குச் செவ்வாயன்று சொந்த மாநிலம் மினசோட்டா இருக்கிறது, அதை விட்டு எப்படிப் போவார்? புளூம்பெர்க் சனிக்கிழமை வாக்குச்சீட்டிலேயே இல்லை, செவ்வாய்க்காகவே கோடிகளை இறைத்துக்கொண்டிருக்கிறார். யாரும் நகர மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். பைடன் இங்கே ஜெயிப்பார், செவ்வாயன்று சாண்டர்ஸ் எட்டிப் பிடிக்க முடியாத தூரம் போய்விடுவார்.

கடற்காகம் | வியாழன், பகல் 1.05

இன்னொன்னும் சேத்துக்கோங்க. கலிபோர்னியாவுல இந்த மாசத் தொடக்கத்துலேர்ந்தே தபால் ஓட்டு போயிட்டிருக்கு. டெக்சாஸ்ல 18ஆம் தேதியிலிருந்து முன்கூட்டியே போடறாங்க. உங்க ஊர் முடிவு வர்றதுக்கு முன்னாடியே லட்சக்கணக்கான ஓட்டு பெட்டிக்குள்ள விழுந்தாச்சு.

மிச்சிகன்வாசி | வியாழன், மாலை 5.40

எனக்கு ஒரே கவலைதான், நவம்பர். 2016இல் எங்கள் மாநிலத்தை டிரம்ப் எடுத்தது 10,704 ஓட்டில். ஞாயிற்றுக்கிழமை சாண்டர்ஸ் டிவி பேட்டியில் கியூபாவின் காஸ்ட்ரோ நடத்திய எழுத்தறிவுத் திட்டத்தைப் பாராட்டிப் பேசினார். காஸ்ட்ரோவை வெறுத்து வந்த கியூபாக்காரர்கள் நிறைந்த புளோரிடாவை ஒரு நாளில் தூக்கிக் கொடுத்துவிட்டாரோ என்று பயமாக இருக்கிறது. கமலா ஹாரிஸ் நின்றிருந்தால் நான் அவருக்குத்தான் வேலை செய்திருப்பேன். ஷ்யாமளா கோபாலனின் மகள் என்பதற்காக மட்டும் இல்லை, முதல் விவாதத்தில் பைடனை நேருக்கு நேர் நிறுத்திக் கேட்டாரே, அந்தத் துணிவுக்காக. டிசம்பரிலேயே பணமில்லை என்று விலகிவிட்டார். மிச்சமிருப்பவர்களில் டிரம்பை வெல்லக்கூடியவர் யார் என்று மட்டும் சொல்லுங்கள்.

கடற்காகம் | வியாழன், மாலை 6.25

சார், அதே மிச்சிகன்ல 2016 பிரைமரியில கருத்துக்கணிப்பு எல்லாத்தையும் மீறி ஹிலரியைத் தோற்கடிச்சது யாரு? சாண்டர்ஸ்தான். "ஜெயிக்கக்கூடியவர்"னு சொல்லித்தானே அன்னிக்கு ஹிலரியை நிறுத்தினாங்க?

நான் ஏன் இவ்வளவு பிடிவாதமா இருக்கேன்னு சொல்லிடறேன். எனக்கு இங்க ஓட்டு கிடையாது, மாணவ விசா. போன வருஷம் சைக்கிள்லேர்ந்து விழுந்து மணிக்கட்டு உடைஞ்சது. காப்பீட்டுப் பட்டியல்ல இருக்கற ஆஸ்பத்திரியான்னு கேட்டுட்டுத்தான் அவசரப் பிரிவுக்குப் போனேன். ஆஸ்பத்திரி பட்டியல்ல இருந்தது, அன்னிக்கு என்னைப் பாத்த டாக்டர் பட்டியல்ல இல்லையாம். ரெண்டு மாசம் கழிச்சு வந்த பில் என்னோட நாலு மாச வாடகை. வலியில கிடக்கறவ டாக்டர்கிட்ட நீங்க எந்தப் பட்டியல்னு கேக்கணுமா? அந்தக் கடனை இன்னும் கட்டிட்டிருக்கேன். எனக்காவது குடும்பம் இருக்கு. அண்ணா, ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டை உங்க மாநிலம் விரிவாக்கவே இல்லையே. அதனால காப்பீடு இல்லாம விடுபட்டவங்கள்ல எத்தனை பேர் கறுப்பினத்தவர்? அவங்களுக்காகவே நிக்கறவரை ஏன் அவங்க கைவிடணும்?

கொலம்பியாக்காரன் | வியாழன், இரவு 9.15

உன் பில் விஷயம் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. அதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. மெடிக்கெய்ட் பற்றி நீ கேட்டதும் நியாயம், எங்கள் மாநில அரசு செய்தது பாவம்.

ஆனால் என் பக்கத்து வீட்டு அம்மா இதை எப்படிப் பார்க்கிறார் தெரியுமா? ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தைப் பிடுங்க டிரம்ப் 2017இல் எவ்வளவு பாடுபட்டார் என்பதைத் தினமும் செய்தியில் பார்த்தவர். கையில் இருப்பதைக் காப்பாற்றி, அதன்மேல் இன்னும் கட்டுகிறேன் என்கிறார் பைடன். எல்லாவற்றையும் மாற்றிப் புதிதாகத் தருகிறேன் என்கிறார் சாண்டர்ஸ். வாக்குறுதி உடைந்து உடைந்து வளர்ந்த தலைமுறைக்குப் பெரிய வாக்குறுதியே சந்தேகம் தரும். நாற்பது ஏக்கர் நிலமும் ஒரு கோவேறு கழுதையும் தருவதாகச் சொன்ன 1865ஆம் வருடக் கதை இந்தக் கடற்கரையில் இன்னும் வீட்டுக் கதையாகத்தான் இருக்கிறது. உரிமை என்று சொல்லிக் கொடுத்த நிலத்தை அதே வருடமே பிடுங்கத் தொடங்கினார்கள். அதனால் இவர்கள் கேட்பது, "எவ்வளவு தருவாய்" என்பதை அல்ல. "பக்கத்து வெள்ளைக்காரனும் உனக்கு ஓட்டுப் போடுவானா" என்பதைத்தான். இது கோழைத்தனம் இல்லை. யார் யாருக்கு ஓட்டுப் போடுவார்கள் என்பதை இந்த நாட்டில் கறுப்பினத்தவரைவிடத் துல்லியமாக அறிந்தவர்கள் கிடையாது.

2008ஐ எடுத்துக்கொள். அயோவாவில் வெள்ளையர்கள் ஒபாமாவுக்குப் போடும்வரை இங்கே பலர் ஹிலரி பக்கம்தான் இருந்தார்கள். அது நடந்ததும் ஒபாமாவுக்கு இங்கே 55 சதவீதம், ஹிலரிக்கு 27.

கடற்காகம் | வியாழன், இரவு 9.50

அப்ப இந்த வருஷம் வெள்ளைக்காரங்க அயோவாவுலயும் நியூ ஹாம்ப்ஷயர்லயும் சாண்டர்ஸுக்குப் போட்டாங்களே? அந்தக் கணக்கு இவருக்குப் பொருந்தாதா?

கொலம்பியாக்காரன் | வியாழன், இரவு 10.05

நல்ல கேள்வி. பொருந்தலாம். இளைஞர்களிடம் பொருந்தவும் செய்கிறது, அதை மறுக்க மாட்டேன். பெரியவர்களிடம் இல்லை. 2016இல் சாண்டர்ஸ் இங்கே 26 சதவீதம். நாலு வருடத்தில் அவர் இந்தத் தேவாலயங்களில் எத்தனை ஞாயிறு உட்கார்ந்தார் என்று அவர் ஆட்களைக் கேட்டுப் பார். நான் கேட்டேன். பதில் திருப்தியாக இல்லை.

எண்கணக்கு | 28, வெள்ளி, காலை 7.40

ஒரு திருத்தம். நேற்று யாரும் நகர மாட்டார்கள் என்று எழுதினேன். இரவு உட்கார்ந்து மறுபடி போட்டுப் பார்த்தேன். வித்தியாசம் பத்துக்குள் இருந்தால் நான் சொன்னதுதான் நடக்கும். கொலம்பியாக்காரர் சொல்வதுபோல் பதினைந்து, இருபது என்று போனால், கறுப்பினத்தவர் ஓட்டு இல்லாமல் இந்தக் கட்சியில் வேட்பாளராக முடியாது என்பது புட்டிஜெஜுக்கும் குளோபச்சருக்கும் அன்றிரவே எண்ணாகத் தெரிந்துவிடும். அப்போது அவர்கள்மேல் வரும் நெருக்குதல் வேறு மாதிரி இருக்கும். 1992இல் பில் கிளிண்டன் அயோவாவும் நியூ ஹாம்ப்ஷயரும் தோற்றுத்தான் வேட்பாளரானார், தெற்கு அவரைத் தூக்கிவிட்டது. ஆனால் நான்காவது, ஐந்தாவது என்று விழுந்தவர் எழுந்த கதை எனக்குத் தெரிந்து இல்லை. ஆக, வித்தியாசத்தைப் பாருங்கள். வெற்றியை மட்டும் பார்க்காதீர்கள்.

மிச்சிகன்வாசி | வெள்ளி, மாலை 6.10

உங்கள் மாநிலத்தில் வாக்காளர்களுக்குக் கட்சிப் பதிவே கிடையாதாமே? குடியரசுக் கட்சி தங்கள் பிரைமரியை ரத்து செய்துவிட்டது. அவர்கள் ஆட்கள் வந்து சாண்டர்ஸுக்குப் போட்டுவிட்டுப் போவார்கள் என்று ஒரு பேச்சு ஓடுகிறதே, உண்மையா?

கொலம்பியாக்காரன் | வெள்ளி, இரவு 10.20

யாரும் வரலாம், சட்டப்படி தடையில்லை. அப்படிச் சிலர் கூப்பிடவும் செய்கிறார்கள். முடிவைப் புரட்டும் அளவுக்கு வராது என்று நினைக்கிறேன்.

காலை ஏழு மணிக்கு வாக்குச்சாவடி திறக்கிறது. பக்கத்து வீட்டு அம்மாவை நான்தான் காரில் கூட்டிப் போகிறேன். அவர் பேரன் ஆரஞ்ச்பர்கில் படிக்கிறான், இன்றிரவே பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டான். ராத்திரிச் சாப்பாட்டில் பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரு மணி நேரம் சண்டை. அவன் சாண்டர்ஸ். கல்விக் கடனைச் சொல்லிச் சொல்லி வாதாடினான். கடைசியில் பாட்டி, "உன் ஓட்டு உன்னுடையது, ஆனால் போடாமல் வீட்டில் படுத்துத் தூங்கினால் சோறு கிடையாது" என்று சொல்லிவிட்டார்.

கடற்காகம் | வெள்ளி, இரவு 10.31

அண்ணா, கார்ல இடம் இருந்தா அந்தப் பையனோட நண்பர்களையும் ஏத்திக்கோங்க. அவங்க சாண்டர்ஸுக்குத்தான் போடுவாங்க. இருந்தாலும் ஏத்திக்கோங்க.

கொலம்பியாக்காரன் | வெள்ளி, இரவு 10.34

பின்சீட்டில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. ஆறே முக்காலுக்கு வாசலில் நிற்கச் சொல்கிறேன்.