அசனத்துக்கு (கோயில் பண்டிகை விருந்துக்கு) முந்தின ராத்திரி காய் நறுக்குகிறவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது?

தேரிமணல்:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நெல்லைப் பக்கம் ஒரு கிராமத்து சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை எங்களுடையது. அடுத்த மாதம் பிரதிஷ்டை பண்டிகை (கோயில் அர்ப்பணிக்கப்பட்ட நாளின் நினைவு), நான் இந்த முறை கமிட்டியில் இருக்கிறேன். வழக்கம்போல நன்கொடை கொடுத்தவர்களுக்குப் பொன்னாடை உண்டு, ஃபேன் இறக்கையில் 'அன்பளிப்பு' என்று பெயர் எழுதுவதும் உண்டு, அதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஆனால் கோயில் நடப்பது வேறு ஆட்களால். திருவிருந்து ஆராதனை முடிந்து நாமெல்லாம் வீட்டுக்குக் கறிக்குழம்பு சாப்பிடப் போன பிறகு ஒரு அக்கா பாத்திரங்களை வெந்நீரில் கழுவித் துடைத்து வைத்து, பீடத்து வெள்ளைத் துணிகளை வீட்டுக்கு எடுத்துப் போய் வெளுத்து, கஞ்சி போட்டு, தேய்த்து மறு வாரம் கொண்டுவருவார். இன்னொரு பாட்டி கோயிலுக்குக் கைப்பிடி அரிசி வாங்க வீடு வீடாகப் போவார், உலையில் போடுமுன் ஒரு பிடி எடுத்து வைத்தாயா என்று அதட்டிக் கேட்கிற உரிமை ஊரில் அவருக்கு மட்டும்தான். அசனத்துக்கு முந்தின ராத்திரி கத்தரிக்காய் நறுக்குகிற கூட்டத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இவர்களுக்கு இந்த வருஷமாவது ஏதாவது செய்ய வேண்டும் என்று பார்க்கிறோம், ஆனால் மேடைக்குக் கூப்பிட்டால் அந்த அக்கா அன்றைக்குக் கோயிலுக்கே வர மாட்டார். உங்கள் சபைகளில் என்ன செய்கிறீர்கள்?

விடிலிக்காரன்:
பொன்னாடை வேண்டாம் தம்பி, அது பீரோவில்தான் கிடக்கும். பைபிளில் பவுலின் கடிதமான ரோமர் 16-ஐ ஒருதரம் நிதானமாக வாசித்துப் பாருங்கள், பலபேர் பெயர்ப்பட்டியல் என்று தாண்டிப் போகிற அதிகாரம் அது. பவுல் 'உழைத்த அனைவருக்கும் நன்றி' என்று மொத்தமாகச் சொல்லி முடிக்கவில்லை. பெபேயாள் கெங்கிரேயா சபையில் ஊழியம் செய்கிறவள், பலருக்கும் எனக்கும்கூட ஆதரவாக இருந்தவள், அவளுக்கு எது தேவையோ உதவி செய்யுங்கள் என்கிறார். மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் என்று பாடுபட்ட பெண்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். பவுல் சொல்லச் சொல்ல அந்த நிருபத்தைக் (கடிதத்தை) கையால் எழுதின தெர்தியுவுக்குக்கூட நடுவில் சொந்தமாக ஒரு வாழ்த்துச் சொல்ல இடம் கிடைக்கிறது. நம்மிடம் அது இல்லை. இடையன்குடிக் கோயிலைக் கட்டியவர் கால்டுவெல், பிரதிஷ்டை 1880 என்று சின்னப்பிள்ளையும் சொல்லும், அதற்குக் கல் சுமந்தவர்களில் ஒரு பெயராவது நமக்குத் தெரியுமா? எங்கள் ஐயர் (சபைப் போதகர்) ஒன்று செய்கிறார், பொதுவேண்டுதலில் வாரம் ஒருவரைப் பெயரும் வேலையும் சொல்லி ஜெபிப்பார். உட்கார்ந்த இடத்திலேயே கேட்டுக்கொள்ளலாம், யாரும் எழுந்து நிற்க வேண்டாம்.

முத்துநகர் சகாயம்:
நாங்கள் கத்தோலிக்கர், இருந்தாலும் சொல்கிறேன். சாம்பல் புதனுக்கு நெற்றியில் பூசுகிற சாம்பல், போன வருஷத்துக் குருத்தோலையை எரித்து எடுப்பது. எங்கள் கோவில்பிள்ளை (கோவில் வேலைகளைக் கவனிப்பவர்) அண்ணாச்சி வீடுகளிலிருந்து பழைய ஓலைகளை வாங்கி, மாடியில் காயவைத்து, எரித்து, இடித்து, மெல்லிய துணியில் சலிப்பார். சரியாகச் சலிக்காவிட்டால் நெற்றியில் நரநரவென்று இருக்கும். பங்குச் சாமியார் ஒரு தடவை அன்பியத்துப் (பங்கின் சிறு குழு) பையன்கள் நாலைந்து பேரை அவரிடம் அனுப்பி 'கற்றுக்கொண்டு வாருங்கள்' என்றார். வாயே திறக்காத மனிதர், எந்த ஓலை ஈரம், எப்போது கிளற வேண்டும் என்று மூச்சுவிடாமல் பேசினார். சால்வை போட்டிருந்தால் அந்தச் சந்தோஷம் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

கண்டிப்பான மருமகள்:
எல்லாம் சரி, நான் கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன். அந்த அக்காவுக்குக் காய்ச்சல் வந்தால் துணி வெளுப்பது யார்? பதில் இல்லை என்றால், நன்றி சொல்வதைவிட முதலில் இன்னும் மூன்று பேரைச் சேர்த்து முறை போடுங்கள், அதில் ஆண்களும் இருக்கட்டும். கழுவுவதும் கூட்டுவதும் நறுக்குவதும் பெண்கள், மினிட்ஸ் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவது மட்டும் ஆண்கள் என்று எத்தனை காலத்துக்கு ஓட்டுவீர்கள்? அப்புறம் சோப்பு, கரண்ட், தேய்ப்பு எல்லாம் அவர் கைக்காசு, கேட்கவும் மாட்டார், அதைச் சபைக் கணக்கில் கொடுங்கள். மணி அடிக்கிறவருக்குச் சொற்பச் சம்பளம் கொடுத்துவிட்டு 'தியாகி' என்று புகழ்கிற பழக்கமும் இருக்கிறது. அவருக்குப் புகழ் வேண்டாம், சம்பளத்தைக் கூட்டுங்கள்.

தேரிமணல்:
மருமகள் அக்கா, வலித்தாலும் சரியாகத்தான் சொன்னீர்கள். நான் நேராகக் கேட்டால் அந்த அக்கா சிரித்து மழுப்பிவிடுவார் என்று ஐயரம்மாவிடம் (போதகரின் மனைவி) சொல்லிப் பேச வைத்தேன். என்ன செய்தால் உங்களுக்குச் சந்தோஷம் என்று கேட்டதற்கு ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "வெஸ்டரி குழாயில தண்ணி வர மாட்டேங்குது, வீட்டுல இருந்துதான் குடத்துல கொண்டுவாரேன், அதைச் சரி பண்ணிக் குடுத்தாப் போதும்" என்றாராம். வெஸ்டரி என்றால் ஆராதனைப் பொருட்கள் வைக்கிற கோயில் பக்கத்து அறை. கமிட்டியில் ஒருவருக்கும் இது தெரியாது. பிளம்பரிடம் சொல்லியாயிற்று, சனிக்கிழமை வருகிறார். பெயர் சொல்லி ஜெபிப்பதற்கு ஐயரும் சரி என்றுவிட்டார். துணி வெளுக்கிற முறைக்கு இதுவரை என் பெயரும் என் மைத்துனர் பெயரும்தான் எழுதியிருக்கிறது. கஞ்சி எந்தப் பதத்தில் போட வேண்டும் என்று தெரிந்தவர்கள் இங்கே யாராவது சொல்லுங்கள்.