ஓட்டல் கிரைண்டருக்குத் தேடல் விளம்பரம்: கிளிக்குக்கு 31 ரூபாய் கொடுக்கலாமா, நிறுத்திவிடலாமா?

கல்லும்குழவியும்:
கோவையில் ஓட்டல்களுக்கும் சமையல் ஒப்பந்தக்காரர்களுக்கும் டில்டிங் கிரைண்டர் (மாவைச் சாய்த்து எடுக்கிற பெரிய கிரைண்டர்) செய்து விற்கிறேன். ஆறு மாதமாக கூகுளில் தேடுபவர்களுக்குக் காட்டும் தேடல் விளம்பரம் போடுகிறேன். தொடங்கியபோது ஒரு கிளிக் 18 ரூபாய், இப்போது 31. போன மாதம் 30,000 ரூபாய் செலவானது. நாற்பது சொச்சம் அழைப்புகள் வந்தன. விற்றது இரண்டு இயந்திரங்கள். ஓர் இயந்திரத்தில் எனக்கு நிற்பது ஐயாயிரம். ஏலத்தொகையை, அதாவது ஒரு கிளிக்குக்கு எவ்வளவு கொடுக்கத் தயார் என்பதை, தானியங்கி முறைக்கு விட்டுவிட்டு பட்ஜெட்டை ஏற்றச் சொல்கிறது, விளம்பரத்தைக் கவனிக்கும் நிறுவனம். அடியோடு நிறுத்தச் சொல்கிறார் மைத்துனர். இருவரும் என் பணத்தில்தான் பேசுகிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஏலக்கணக்கு:
நிறுவனம் சொல்வதில் தவறில்லை. தேடுபவர் எந்த ஊரில், எந்த நேரத்தில், எந்தக் கருவியில் இருக்கிறார் என்று பார்த்து ஒவ்வொரு தேடலுக்கும் தனி ஏலத்தொகை போடுகிறது இயந்திரம். கையால் அதைச் செய்ய முடியாது. தேடுசொல்லையும் பிராட் மேட்ச்சில், அதாவது தொடர்புள்ள தேடல்களுக்கும் விளம்பரம் காட்டும் அமைப்பில், விடுங்கள். உங்களுக்குத் தோன்றாத சொற்களிலும் வாடிக்கையாளர் கிடைப்பார்.

முழக்கோல்:
பட்ஜெட்டை ஏற்றுவது இருக்கட்டும். ஏற்கெனவே கொடுத்த காசு எங்கே போனது என்று பார்த்தீர்களா? உங்கள் விளம்பரம் எந்தெந்தத் தேடல்களுக்கு வந்தது என்ற அறிக்கையைத் திறங்கள். மிகச் சிலர் மட்டும் தேடிய சொற்களை கூகுள் 2020 முதல் அதில் காட்டுவதில்லை; காட்டுகிற வரையில் போதும். "கிரைண்டர்" என்ற ஒற்றைச் சொல்லை வாங்கியிருந்தால் இரும்பு அறுக்கிறவரும் உங்களிடம்தான் வந்திருப்பார்.

கல்லும்குழவியும்:
பார்த்தேன். தலையில் கை வைத்துக்கொண்டேன். ஆங்கிள் கிரைண்டர், காபி கிரைண்டர், கிரைண்டர் பெல்ட் விலை, பழைய கிரைண்டர் வாங்க, கிரைண்டர் ரிப்பேர். காசில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இவற்றுக்கே போயிருக்கிறது. அந்தத் தேடுசொல்லை ஆரம்பத்தில் போட்டுக் கொடுத்தவன் நான்தான், யாரையும் குறை சொல்ல முடியாது.

முழக்கோல்:
அவற்றை விலக்குச் சொற்களாக, அதாவது விளம்பரம் வரக் கூடாத தேடல்களாக, சேருங்கள். ஒரு எச்சரிக்கை: வாங்கும் சொல்லுக்கு ஒத்த சொற்களையெல்லாம் தானாகச் சேர்த்துக்கொள்ளும் அமைப்பு, விலக்கும் சொல்லுக்கு அந்தத் தாராளத்தைக் காட்டாது. ரிப்பேரை விலக்கினால் சர்வீஸ் நிற்காது. அதையும் தனியாக எழுத வேண்டும். இதைச் செய்யாமல் தானியங்கியிடம் சாவியைக் கொடுப்பது, ஓட்டை அண்டாவுக்குப் பெரிய குழாய் போடுவது.

ஏலக்கணக்கு:
விலக்குச் சொல்லை நான் வேண்டாம் என்று சொல்லவில்லையே. ஆனால் சொல்லை மட்டும் குறைத்தால் கிளிக் விலை இறங்காது. அதிகம் கேட்பவருக்கு மட்டும் மேலிடம் கிடைக்கிற ஏலம் இல்லை இது. கிளிக் வரும் வாய்ப்பு, தேடலோடு விளம்பரம் பொருந்துவது, திறக்கும் பக்கத்தின் அனுபவம் ஆகிய மூன்றையும் எடைபோட்டு 1 முதல் 10 வரை தர மதிப்பெண் தெரியும். அதைப் பாருங்கள். ஓட்டல் கிரைண்டர் தேடியவர் கிளிக் செய்தால் எந்தப் பக்கம் திறக்கிறது?

கல்லும்குழவியும்:
முகப்புப் பக்கம். அதில் முதலில் இருப்பது வீட்டுக்கான டேபிள்டாப் படம். பழைய படம்.

ஏலக்கணக்கு:
அதுதான் உங்கள் 31 ரூபாய்க்குப் பாதிக் காரணம். லிட்டர் அளவு, மோட்டார் திறன், ஒரு மணி நேரத்தில் எவ்வளவு அரைக்கும், உதிரிபாகம் கிடைக்குமா என்று ஓட்டல்காரர் கேட்பவற்றோடு தனிப் பக்கம் போடுங்கள்.

சில்லறைப்பை:
நான் மைத்துனர் கட்சி. 2012 மார்ச்சில் ஈபே என்ற இணைய விற்பனைத் தளம், யாகூ, எம்.எஸ்.என். ஆகிய தேடுதளங்களில் தன் பெயருக்கான விளம்பரங்களை நிறுத்திப் பார்த்தது. இழந்திருக்க வேண்டிய கிளிக்குகளில் 99.5 சதவீதம், காசு கொடுக்காமலே வரும் சாதாரணத் தேடல் முடிவுகள் வழியாகவே வந்து சேர்ந்தன. பிளேக், நோஸ்கோ, டடெலிஸ் எழுதிய அந்த ஆய்வு 2015இல் எகனாமெட்ரிகா இதழில் வெளியானது. அவ்வளவு பெரிய கம்பெனியே வீணாகக் கொடுத்திருக்கிறது; நாம் எம்மாத்திரம்?

முழக்கோல்:
பாதி ஆய்வைச் சொல்கிறீர்கள். ஈபேயை அறியாத புதியவர்களிடமும் எப்போதாவது வாங்குகிறவர்களிடமும் விளம்பரம் வேலை செய்தது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. வழக்கமாக வாங்குகிறவர்களுக்குக் காட்டியதுதான் வீண். நம் நண்பரின் பட்டறையை ஓசூரில் யாருக்குத் தெரியும்? அதனால் ஈபே கதையிலிருந்து இவருக்கு ஒரு கேள்வி மட்டும் எடுக்கலாம்: உங்கள் கடைப் பெயருக்கும் விளம்பரம் ஓடுகிறதா?

கல்லும்குழவியும்:
ஓடுகிறது. கிளிக் 4 ரூபாய்தான். மாத அறிக்கையில் "மிகச் சிறந்த பலன்" என்று பச்சை நிறத்தில் முதல் வரியே அதுதான். விற்ற இரண்டில் ஒன்று அதில் வந்தது என்கிறார்கள். ஆனால் அவர் என் பழைய வாடிக்கையாளரின் தம்பி!

சில்லறைப்பை:
வாசலுக்கு வந்துவிட்டவரிடம் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, நோட்டீஸால் வந்தார் என்று கணக்கு எழுதுகிறார்கள்.

ஏலக்கணக்கு:
போட்டியாளர் உங்கள் பெயருக்கு மேலே விளம்பரம் போட்டால் அப்போது தெரியும். இருந்தாலும் மூன்று வாரம் நிறுத்திப் பாருங்கள், நான் தடுக்கவில்லை.

முழக்கோல்:
இன்னொன்று. இடத்தை எப்படி அமைத்திருக்கிறீர்கள்? மாற்றாமல் விட்டால் கோவையில் இருப்பவர்களோடு, கோவையில் ஆர்வம் காட்டுகிறவர்களுக்கும் கூகுள் விளம்பரத்தைக் காட்டும். மற்ற தொழிலில் இது சின்ன ஓட்டை. உங்கள் தொழிலில் ஊர்ப் பெயரே பொருளின் பெயர். புவிசார் குறியீடு வரை வாங்கிய பெயர். துபாயில் இருந்து "கோயம்புத்தூர் கிரைண்டர்" என்று தேடினாலும் ஊரில் ஆர்வம் என்றே கணக்காகலாம்.

ஏலக்கணக்கு:
துபாய்க்காரர் ஏன் வாடிக்கையாளர் ஆகக் கூடாது? அங்கே இட்லிக் கடை இல்லையா? பெங்களூரில் எத்தனை தர்ஷினிகள், நின்று சாப்பிடும் டிபன் கடைகள்! ஊரைச் சுருக்கினால் நல்ல ஆர்டரும் போகும்.

கல்லும்குழவியும்:
பெங்களூருக்கு அனுப்பியிருக்கிறேன். வெளிநாட்டுக்கு முடியாது.

முழக்கோல்:
அப்படியானால் பெங்களூரைத் தனிப் பிரிவாக, தனி பட்ஜெட்டில் போடுங்கள். ஆர்வம் என்ற பெயரில் கலந்து வர வேண்டாம். நாள் பட்ஜெட்டையும் கவனியுங்கள்: ஒரு நாளில் இரட்டிப்பு வரை செலவாகலாம், மாதக் கணக்கில்தான் நாள் பட்ஜெட்டின் 30.4 மடங்குக்குள் நிற்கும்.

ஏலக்கணக்கு:
எல்லாம் சரி. இவற்றைச் செய்த பிறகாவது தானியங்கி ஏலத்துக்குப் போகலாமா, இல்லையா?

முழக்கோல்:
மாதம் இரண்டு விற்பனையை வைத்துக்கொண்டு அது எதைக் கற்கும்? இப்போது அழைப்புப் பொத்தானை அழுத்துவதை வெற்றி என்று குறித்திருக்கிறார்கள். பொத்தானை மலிவாக அழுத்துகிறவர் யார்? ரிப்பேர் கேட்பவர். அவரைத்தான் அது தேடித் தேடிக் கொண்டுவரும்.

ஏலக்கணக்கு:
விற்பனை வேண்டாம், விலைப்புள்ளி அனுப்பியதை வெற்றியாக வையுங்கள். மாதம் 15 அல்லது 20 வருமே? எந்தக் கிளிக்கில் வந்தவருக்கு அனுப்பினோம் என்று வாராவாரம் கணக்கில் ஏற்றலாம்.

முழக்கோல்:
அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று மாத விலைப்புள்ளி சேரும்வரை ஏலத்தொகை கையில் இருக்கட்டும்.

ஏலக்கணக்கு:
மூன்று மாதம் அதிகம்.

கல்லும்குழவியும்:
கடைப் பெயர் விளம்பரத்தை இன்று நிறுத்திவிட்டேன். விலைப்புள்ளி நோட்டில் "எப்படித் தெரிந்தது" என்று ஒரு கட்டம் போட்டாயிற்று. ஒரு சந்தேகம்: "மாவு அரைக்கும் மெஷின்" என்று தேடுகிறவரில் பாதிப் பேர் மாவு மில் வைக்கப்போகிறவர்கள். அந்தச் சொல்லை விலக்குவதா, வைப்பதா?

சில்லறைப்பை:
இட்லி மாவு பாக்கெட் போட்டு விற்கிறவரும் அப்படித்தான் தேடுவார். மில், ரவை, மிளகாய் மூன்றையும் விலக்கிவிட்டு அதை வைத்துக்கொள்ளுங்கள். இதை மைத்துனரிடம் நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள்.