லெந்துகாலத் திருமேசை விரிப்பில் சரிகை வேலை: வழிகாட்டுதல் வேண்டும்

அன்பான சகோதர சகோதரிகளுக்குத் தோத்திரம். உயிர்த்தெழுதல் திருநாளுக்கு முந்தைய தவக்காலமான லெந்து காலத்திற்காக எங்கள் ஆலயத் திருமேசைக்கு ஊதா நிறப் பட்டுத் துணியில் ஒரு தொங்குவிரிப்பு தைத்து வருகிறேன். யோவான் 15ஆம் அதிகாரத்தின் திராட்சச்செடியே அதில் வரும் படம். ஊசியை எடுக்குமுன் அந்த அதிகாரத்தை வாசித்து, ஒவ்வோர் இலையைத் தைக்கும்போதும் சபையில் நோயுற்றிருக்கும் ஒருவரை நினைத்து ஜெபிப்பதால், இந்தத் தையல் எனக்கு அலங்கார வேலையாக இல்லாமல் ஆராதனையாகவே இருக்கிறது. இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தொழுத ஆசரிப்புக் கூடாரத்து வேலைகளுக்காகக் கைவினைஞனான பெசலெயேலைத் தேவன் தம் ஆவியினால் நிரப்பினார் என்று யாத்திராகமம் 35 சொல்வதை நான் அப்படியே நம்புகிறேன்.

கொடியின் தண்டுக்குச் சரிகை இழையைத் துணிமேல் கிடத்தி, மெல்லிய பட்டு நூலால் குறுக்கே சிறுசிறு தையலிட்டுப் பதிக்கிறேன். நேராகச் செல்லும் இடங்களில் இழை அழகாகப் படிகிறது. இலைக்காம்பு வளையும் இடத்திலோ, தையல்களை எவ்வளவு நெருக்கமாகப் போட்டாலும் சரிகை முறுக்கவிழ்ந்து உள்நூல் தெரிகிறது, துணியை இறுக்கிப் பிடிக்கும் தையல் வளையத்தைக் கழற்றியதும் பட்டிலும் சுருக்கம் விழுகிறது. அடியில் வைத்துத் தைக்கக் காடாத்துணி போதுமா, அதை முதலில் நனைத்து உலர்த்த வேண்டுமா? வளையத்துக்குப் பதிலாகச் சட்டத்தில் இழுத்துக் கட்டலாமா?

1820களில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் லேஸ் வேலையைத் தொடங்கிவைத்த நாகர்கோவில் பகுதியினர் இங்கே இருந்தால், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுச் சொன்னாலும் பேருதவியாக இருக்கும். லெந்து முடிந்தபின் விரிப்பை மடிக்காமல் சுருட்டி வைப்பதே சரியென்று கருதுகிறேன். சரிகை கறுக்காமலிருக்க எந்தத் துணியில் சுற்றி வைப்பது என்பதையும் தெரிவியுங்கள்.