மூன்றாவது ஆட்டக்காரி

தேவி: அண்ணே, வேலை முடிந்து வந்துவிட்டீர்களா? கனிஷ்கா பள்ளி விட்டு வந்ததிலிருந்து யாரோடும் பேசவில்லை. மேசைப்பந்துக் குழுவில் எடுத்திருக்கிறார்கள், ஆனால் மூன்றாவது ஆளாகப் போட்டிருக்கிறார்களாம். அடுத்த வாரம் வட்டாரப் போட்டி, போகவே மாட்டேன் என்கிறாள்.

பெரியம்மா: படிவம் இரண்டு பிள்ளையை எடுத்ததே பெரிய விஷயம்தானே. முதலில் சாப்பிடச் சொல்.

கனிஷ்கா: சாப்பிட்டேன் பெரியம்மா. முதல் இரண்டு அக்காக்களுக்கும் ஆளுக்கு இரண்டு ஆட்டம், எனக்கு மட்டும் ஒன்று. ஆள் கணக்குக்குத்தான் உன்னைச் சேர்த்தார்கள் என்று வகுப்பில் சொல்கிறார்கள்.

முரளி மாமா: இப்போதுதான் பிரிக்பீல்ட்ஸில் ரயில் ஏறினேன். கனி, ஒன்று கேட்கிறேன். மொத்தம் ஐந்து ஒற்றையர் ஆட்டம், மூன்றில் ஜெயித்த குழுவுக்கு வெற்றி, அந்த முறைதானே?

கனிஷ்கா: ஆமாம் மாமா. உலகப் போட்டியில் ஆடுகிற மாதிரியே என்று கோச் சொன்னார்.

முரளி மாமா: அப்படியென்றால் நன்றாகக் கேள். ஒரு குழுவில் ஏ, பி, சி. எதிர்க் குழுவில் எக்ஸ், ஒய், இசட். ஏயும் எக்ஸும், பியும் ஒய்யும், சியும் இசட்டும், பிறகு ஏயும் ஒய்யும், கடைசியில் பியும் எக்ஸும். 3-0 என்று முடிந்துவிட்டால் நான்காவதும் ஐந்தாவதும் நடக்காது, ஏ, பி இருவரும் ஒரே ஒரு ஆட்டத்தோடு வீடு திரும்புவார்கள். ஆனால் மூன்றாவது ஆட்டம் இல்லாமல் எந்தப் போட்டியும் முடியாது.

முரளி மாமா: நீ மேசைக்கு வரும்போது கணக்கு 2-0 ஆக இருக்கும், இல்லையென்றால் 1-1, இல்லையென்றால் 0-2. முதல் கணக்கென்றால் முடித்து வைப்பவள் நீ, கடைசிக் கணக்கென்றால் குழுவே உன் கையில். ஒப்புக்கு ஆடுகிற ஆட்டம் 'சி'-க்கு வரவே வராது. வகுப்பில் பேசுகிறவர்களுக்கு இதைச் சொல்.

கதிர்: மாமா சொல்வது சரி கனி. 2024 பூசான் உலகக் குழுப் போட்டியில் இந்தியப் பெண்கள் சீனாவோடு ஆடியதைத் தேடிப் பார். முதல் ஆட்டத்திலேயே தரவரிசையில் 155-ஆவது இடத்தில் இருந்த அய்ஹிகா முகர்ஜி, முதலிடத்தில் இருந்த சன் யிங்ஷாவைத் தோற்கடித்தார். இரண்டாவதில் மணிகா பத்ரா தோற்க 1-1. மூன்றாவதாக வந்தது ஸ்ரீஜா அகுலா. எதிரே வாங் யீடி. மூன்றே செட்டில் ஸ்ரீஜா முடித்துவிட்டார்! அன்றைக்கு இங்கே பினாங்கில் எங்கள் விடுதி அறையில் நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து அறைக்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

கனிஷ்கா: கடைசியில் யார் ஜெயித்தது?

கதிர்: சீனா. 3-2.

கனிஷ்கா: பார்த்தீர்களா 😒

முரளி மாமா: சீனாவை 2-1 என்று பின்னால் நிறுத்தியது அந்த மூன்றாவது ஆள், அதைப் பார். சீனாவும் தோற்காத குழு இல்லை. 2010-இல் மாஸ்கோவில் நம் பக்கத்து சிங்கப்பூர் பெண்கள் இறுதியில் 3-1 என்று வென்றார்கள். சீன ஆண்கள் கடைசியாக இறுதியில் தோற்றது நம் கோலாலம்பூரில்தான், 2000-இல், புக்கிட் ஜாலிலில். 1999-இல் பெல்கிரேடில் நடக்கவேண்டிய உலகப் போட்டி, அங்கே குண்டு விழுந்ததால் இரண்டாகப் பிரிந்து, குழுப் போட்டி மட்டும் அடுத்த வருடம் நமக்கு வந்தது. நான் டிக்கெட் எடுத்துப் போய் உட்கார்ந்திருந்தேன். ஸ்வீடனுக்கு வால்ட்னர், பெர்சன், கார்ல்சன். வால்ட்னருக்கு 34 வயது, பெர்சனுக்கு 33. இனிமேல் என்ன ஆடப்போகிறார்கள் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த நேரம். 3-2 என்று ஸ்வீடன் ஜெயித்தபோது அரங்கத்தில் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு 2001 தொடங்கி 2024 வரை அந்த ஆண்கள் கோப்பையை சீனா விட்டுக்கொடுக்கவே இல்லை.

தேவி: அப்போது ஒரு செட்டுக்கு 21 புள்ளிதானே அண்ணே? நாம் கொல்லையில் பலகை போட்டு ஆடியதும் அப்படித்தான்.

முரளி மாமா: ஆமாம், ஆளுக்கு ஐந்து சர்வ். பந்தும் 38 மில்லிமீட்டர். அந்த வருடக் கடைசியில் பந்தை 40 ஆக்கினார்கள், 2001-இல் புள்ளியை 11 ஆக்கினார்கள். 21-இல் நான்கைந்து புள்ளி பின்தங்கினாலும் பிடித்துவிடலாம். 11-இல் தூங்கி எழுவதற்குள் செட் போய்விடும். அதனால்தான் கனி, உனக்குச் சிக்கல் மூன்றாவது இடம் இல்லை, அதற்கு முன்னால் காத்திருக்கிற நேரம். இரண்டு ஆட்டம் முடியும்வரை குளிரூட்டிக்குக் கீழே உட்கார்ந்தால் கை விறைத்துவிடும். இரண்டாவது ஆட்டம் தொடங்கியதும் எழுந்து வெளியே போய்க் கயிறு குதி, மட்டையைச் சுற்று, கால் சூடாகட்டும்.

பெரியம்மா: கதிர், நீ ஏன் இந்தியாவுக்குக் கத்துகிறாய்? நம் மலேசியப் பெண்களுக்குக் கத்தமாட்டாயா?

கதிர்: இரண்டுக்கும் கத்துவேன் அம்மா 😄 2022 பர்மிங்காம் காமன்வெல்த்தில் நம் பெண்கள் காலிறுதியில் இந்தியாவை 3-2 என்று வென்று வெள்ளிவரை போனார்களே, அன்றைக்கு நம் பக்கம்தான்.

கனிஷ்கா: கேரன் லைன் இருந்த குழுதானே! கோச் அந்த ஆட்டத்தை எங்களுக்குப் போட்டுக் காட்டினார்.

முரளி மாமா: அந்தக் கோச்சிடமே நாளைக்குக் கேள், ஏன் என்னை மூன்றாவதாகப் போட்டீர்கள் என்று. கோபமாகக் கேட்காதே, தெரிந்துகொள்ளக் கேள். சிலர் பதறாத ஆளைத்தான் அங்கே வைப்பார்கள்.

(மறுநாள்)

கனிஷ்கா: மாமா கேட்டேன். பெரிய அக்காக்கள் இரண்டு பேரும் வேகமாக அடிப்பார்கள், ஆனால் தோற்றால் அழுதுவிடுவார்கள், நீ 9-9-இல் கூட சர்வை மாற்றிப் பார்க்கிறாய் என்றார். எதிர்ப் பள்ளியில் மூன்றாவது ஆள் இடது கைக்காரியாம்.

தேவி: காலையில் மட்டைப் பையை அவளே எடுத்து வைத்துவிட்டாள் அண்ணே.

முரளி மாமா: இடது கைக்காரி உன் முன்கைப் பக்கம் அகலமாகச் சர்வ் போட்டு இழுப்பாள். சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு உங்கள் அடுக்குமாடி மண்டபத்து மேசையைப் பிடித்து வை, நான் இடது கையால் போட்டுக் காட்டுகிறேன். பந்து இருக்கிறதா?

கனிஷ்கா: இரண்டு விரிசல் விட்டுவிட்டது. வரும்போது 40 ப்ளஸ் பந்து வாங்கி வாருங்கள் மாமா, மூன்று நட்சத்திரம் போட்டது 🙏