புவிக்காந்தப் புயல் ஓய்ந்தும் 137 கிலோஹெர்ட்ஸ் சமிக்ஞை திரும்பவில்லை: விளக்கம் வேண்டும்

வணக்கம். டொராண்டோவில் வீட்டின் பின்புறம் கட்டிய வளைய ஆண்டெனாவைக் கொண்டு, 137 கிலோஹெர்ட்ஸில் ஒரு வாட் அளவே கதிர்வீசும் ஐரோப்பிய அமெச்சூர் வானொலி நிலையங்களின் விஸ்பர் (WSPR: மிக நலிந்த சமிக்ஞையையும் கணினி இனங்காணும் முறை) சமிக்ஞைகளை இரவுதோறும் பதிவு செய்து வருகிறேன். 2024 அக்டோபர் 10 அன்று புவிக்காந்தக் கொந்தளிப்பை 0 முதல் 9 வரை அளக்கும் கேபி (Kp) எண் 9-ஐ நெருங்கிய புவிக்காந்தப் புயலின்போது, கணினித் திரையில் நூலிழைபோல் தெரியும் அந்தக் கோடுகள் அறவே மறைந்தன. எண் தணிந்த பின்னரும் பல இரவுகள் திரும்பவில்லை. காந்தமண்டலத்திலிருந்து சொரியும் எலக்ட்ரான்களால், அயனிமண்டலத்தின் அடிப்பகுதியான டி அடுக்கு இரவிலும் அயனியாகி அலையை விழுங்கிவிடுகிறது என்பது புரிகிறது. ஆகவே, மீட்சியைக் கணிக்கக் கேபியைவிட, புயலின்போது நிலநடுக்கோட்டையொட்டிப் புவிக்காந்தப்புலம் எவ்வளவு தளர்கிறது என்பதைக் காட்டும் டிஎஸ்டி (Dst) அளவீடு பொருத்தமானதா என்பதை, நெடுநாள் பதிவுகள் வைத்திருப்போர் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.