காலாவதியான டொமைன் 'ரிடெம்ப்ஷன்' நிலையில் இருக்கிறது: இப்போதே மீட்பதா, விட்டுப் பிடிப்பதா?

மிளகுக்கொடி, தாண்டிக்குடி

எல்லாருக்கும் வணக்கம். தாண்டிக்குடியில் எங்களுக்குக் காப்பித் தோட்டம். கொட்டையில் பெரும்பங்கு பட்டிவீரன்பட்டிக்குப் போய்விடும். மிச்சத்தை நாங்களே வறுத்து அரைத்து, எங்கள் பெயரில் பாக்கெட் போட்டு விற்கிறோம். ஆர்டர் வருவது வெப்சைட் வழியாகத்தான். அந்த டாட் காம் முகவரி (டொமைன் பெயர்) பாக்கெட்டின் பின்பக்கம், எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணுக்குக் கீழே அச்சாகியிருக்கிறது.

பழம் பறிக்கிற நேரம் பார்த்து சைட் நின்றுபோனது. முதலில் சில வாரம் எங்கள் முகவரியைப் போட்டால் ஏதோ விளம்பரப் பக்கம் வந்தது. இப்போது அதுவும் இல்லை. அதே பெயரில் இருந்த மெயிலும் நின்றுவிட்டது. சைட் செய்து கொடுத்தவர் மதுரையில் இருக்கிறார். வருடா வருடம் பணத்தை அவருக்குத்தான் அனுப்புவோம், இந்த வருடமும் அனுப்பியாகிவிட்டது. போன் அடித்தால் எடுக்க மாட்டேன் என்கிறார்.

டொமைன் பெயர்களுக்கு விதி வகுக்கும் ஐகேன் அமைப்பின் லுக்அப் பக்கத்தில் தேடினேன். நிலை 'ரிடெம்ப்ஷன் பீரியட்' என்று இருக்கிறது. ஊரில் ஒரு தம்பி, "விட்டுருங்க அக்கா, டிலீட் ஆகிற அன்னைக்கு ஆயிரம் ரூபாய்க்குப் புதுசா வாங்கிக்கலாம்" என்கிறான். மீட்க வேண்டுமென்றால் பல ஆயிரம் ஆகும் என்கிறார்கள். எது சரி?

நாயுடுபுரம், கொடைக்கானல்

அக்கா, விட்டுவிடாதீர்கள். இங்கே காட்டேஜ், ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்களுக்கு சைட் பார்த்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அந்தத் தம்பி சொல்வது யாருமே சீண்டாத டொமைன் பெயருக்குத்தான் பொருந்தும்.

உங்கள் டொமைன் பெயர் இப்போது எங்கே நிற்கிறது என்று சொல்கிறேன். டாட் காம் காலாவதியானதும் உடனே அழிந்துவிடாது. முதலில் 45 நாள் வரை ஒரு சலுகைக் காலம். அது எத்தனை நாள் என்பது பெயரைப் பதிந்து கொடுத்த பதிவு நிறுவனத்தின் (ரெஜிஸ்ட்ரார்) இஷ்டம், சில இடங்களில் குறைவாகவே கொடுப்பார்கள். நீங்கள் பார்த்த விளம்பரப் பக்கம் அந்தக் கட்டத்தில் போட்டது. பல நிறுவனங்கள் அப்போதே பெயரை ஏலத்துக்கும் விட்டுவிடும். உங்களுடையது அதைத் தாண்டி ரிடெம்ப்ஷனுக்கு வந்திருக்கிறது என்றால், ஏலத்துக்குப் போயிருந்தாலும் யாரும் எடுக்கவில்லை என்று அர்த்தம். அது உங்கள் நல்ல நேரம்.

ரிடெம்ப்ஷன் 30 நாள். பெயரை டிஎன்எஸ்ஸிலிருந்தே (பெயரைப் போட்டால் சைட் இருக்கும் இடத்தைக் காட்டும் இணைய அட்டவணை) எடுத்துவிடுவார்கள், அதனால்தான் சைட்டும் மெயிலும் ஒன்றாக நின்றன. ஆனால் இந்த 30 நாளில் வேறு எவரும், எவ்வளவு கொடுத்தாலும் அதை வாங்க முடியாது. அடகுக் கடையில் கெடு தாண்டிய நகை மாதிரி, இன்னும் மூழ்கவில்லை. லுக்அப்பில் 'அப்டேட்டட் டேட்' என்று ஒரு தேதி இருக்கும் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் ரிடெம்ப்ஷனுக்குப் போன நாள். அதிலிருந்து 30 எண்ணுங்கள்.

அது முடிந்தால் 'பெண்டிங் டிலீட்', 5 நாள். அந்த ஐந்து நாளில் காசோடு போய் நின்றாலும் ஒன்றும் நடக்காது. அப்புறம் பெயர் விடுபடும். டாட் காம் பெயர்கள் நம் நேரப்படி நள்ளிரவை ஒட்டி விடுபடுகின்றன. பெயர் பிடிப்பதையே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனங்கள் நொடிக்குள் அள்ளிக்கொண்டு போய்விடும். பல வருடம் ஓடிய பெயர், மற்ற சைட்டுகளிலிருந்து லிங்க் இருக்கும் பெயர் என்றால் சூதாட்ட சைட்காரர்களுக்கு அல்வா. உங்கள் காப்பிப் பாக்கெட்டைப் பார்த்து முகவரியைப் போடுகிறவர் ரம்மி விளம்பரத்தில் போய் இறங்குவார். அதை நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று. வங்கி, கூரியர், ஜிஎஸ்டி எங்கெல்லாம் அந்த மெயிலைக் கொடுத்திருக்கிறீர்களோ அங்கெல்லாம் ஜிமெயிலுக்கு மாற்றிவிடுங்கள். நாளை பெயரை எவன் வாங்கினாலும் உங்களுக்கு வரும் மெயில் அத்தனையும் அவனுக்குப் போகும். "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று ஒரு பட்டனைத் தட்டினால் போதும், கணக்கு அவன் கையில்.

மீட்புக்கு வருகிறேன். லுக்அப்பில் 'ரெஜிஸ்ட்ரார்' என்று இருக்கும் நிறுவனத்தை நேராகப் பிடியுங்கள். மதுரைக்காரர் நடுவில் இருப்பவர்தான். மீட்புக் கட்டணம், அதோடு ஒரு வருடப் புதுப்பிப்பு, இரண்டும் கேட்பார்கள். எவ்வளவு என்பதை அவர்கள் தங்கள் சைட்டிலேயே போட்டிருக்க வேண்டும், அது ஐகேன் விதி. ஆனால் மீட்கும் உரிமை பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான். அங்கே உங்கள் பெயரா, அவர் பெயரா? அதை முதலில் கேளுங்கள்.

பட்டிவீரன்பட்டி

நடுவில் ஒரு கேள்வி. பணம் கட்டியது இவங்கதானே, ரசீதும் இருக்குமே? அப்புறம் எப்படிப் பெயர் அவருடையதாகும்? இன்னொன்று, பேக்ஆர்டர் (பெயர் விடுபட்டதும் நமக்குப் பிடித்துத் தரச் சொல்லும் முன்பதிவு) போட்டு வைத்தால் பாதுகாப்பாக இருக்காதா?

நாயுடுபுரம், கொடைக்கானல்

பணம் கட்டியதால் மட்டும் பெயர் சொந்தமாகாது அண்ணே. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட், தன் ஹாட்மெயிலில் நுழையப் பயன்பட்ட பாஸ்போர்ட் டாட் காம் பெயருக்குப் பணம் கட்டாமல் விட்டு, ஹாட்மெயில் பலருக்குத் திறக்கவில்லை. மைக்கேல் சேனி என்ற லினக்ஸ் புரோகிராமர் தன் கையிலிருந்து 35 டாலர் கட்டினார், சேவை திரும்ப வந்தது. பெயர் மைக்ரோசாஃப்டிடம்தான் இருந்தது. பதிவில் இருக்கும் பெயர்தான் செல்லும்.

ஆனால் ரசீது வீண் இல்லை. மதுரைக்காரர் மசியவில்லை என்றால் பதிவு நிறுவனத்திடம் வழக்காட அதுதான் ஆயுதம். அக்கா, வருடா வருடம் அனுப்பிய பணத்தின் வங்கிப் பதிவு, அவர் கொடுத்த பில், எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமம், முகவரி அச்சான பாக்கெட்டின் இரண்டு பக்கமும் தெளிவாக ஒரு போட்டோ, எல்லாம் எடுத்து வையுங்கள்.

பேக்ஆர்டர் போடலாம், தப்பில்லை. அது கடைசி வலைதான். இரண்டு பேர் போட்டால் ஏலத்துக்குப் போகும், அங்கே மீட்புக் கட்டணத்தைவிட அதிகம் கேட்பார்கள்.

வட்டக்கானல் ஹோம்ஸ்டே

எனக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். என் டாட் காம் போன வாரம் காலாவதி. லுக்அப்பில் பார்த்தால் அடுத்த வருடத் தேதி காட்டுகிறது. யாராவது கட்டிவிட்டார்களா? அப்புறம், எனக்கு எந்த அறிவிப்பும் வரவில்லையே?

நாயுடுபுரம், கொடைக்கானல்

யாரும் கட்டவில்லை, அந்தத் தேதியை நம்ப வேண்டாம். காலாவதி நாளில், எல்லா டாட் காம் பெயர்களையும் வைத்திருக்கும் மத்தியப் பதிவேடு தானாகவே ஒரு வருடம் நீட்டிவிடும். நீங்கள் கட்டவில்லை என்றால் உங்கள் நிறுவனம் சலுகைக் காலத்துக்குள் அதை ரத்து செய்துவிடும். இந்தத் தேதியைப் பார்த்து நிம்மதியாக இருந்து பெயரைப் பறிகொடுத்தவர்கள் இந்த மலையிலேயே உண்டு. கணக்குக்குள் போய்ப் பாருங்கள், உண்மை நிலவரம் அங்கே இருக்கும். இப்போது கட்டினால் பெரும்பாலும் சாதாரணப் புதுப்பிப்புத் தொகையோடு முடிந்துவிடும்.

அறிவிப்பு அனுப்பியே ஆக வேண்டும். 2013-இலிருந்து ஐகேன் விதி: காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன் ஒன்று, ஒரு வாரம் முன் ஒன்று, முடிந்த பின் 5 நாளுக்குள் ஒன்று. அது பதிவில் இருக்கும் மெயிலுக்குப் போகும். அந்த மெயிலே இந்தப் பெயரில்தான் ஓடுகிறது என்றால், பெயர் நின்ற பிறகு அறிவிப்பு எங்கே வந்து சேரும்? அதனால் தொடர்பு மெயில் எப்போதும் வேறு பெயரில் இருக்கட்டும்.

டாட் இன் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். அதை நிர்வகிப்பது நிக்சி என்ற இந்திய அமைப்பு, அங்கேயும் சலுகை, ரிடெம்ப்ஷன், பெண்டிங் டிலீட் எல்லாம் உண்டு.

மிளகுக்கொடி, தாண்டிக்குடி

நாயுடுபுரம் தம்பிக்கு ரொம்ப நன்றி. பதிவு நிறுவனத்தில் பேசினேன். பெயர் மதுரைக்காரர் பெயரில்தான் இருக்கிறதாம், அவர் கணக்கிலிருந்துதான் மீட்க முடியும் என்றார்கள். அப்பாவும் நானும் வத்தலக்குண்டு போய் பஸ் மாறி மதுரைக்கே போய்விட்டோம். ஆள் கடையில்தான் இருந்தார். ரசீதுகளை மேசைமேல் வைத்ததும் வேறு பேச்சு வரவில்லை, எங்கள் முன்னாலேயே கணக்கைத் திறந்தார். புதுப்பிப்பைக் கட்டவே இல்லை, கடையைச் சுருக்குகிற நெருக்கடி என்றார். மீட்புக் கட்டணத்தில் பாதியை அவரே கொடுத்தார்.

இப்போது நிலை 'பெண்டிங் ரீஸ்டோர்' என்று மாறியிருக்கிறது. இனி பயமில்லையா?

நாயுடுபுரம், கொடைக்கானல்

நல்ல காரியம் செய்தீர்கள் அக்கா. முக்கால்வாசி முடிந்தது. பதிவு நிறுவனம் 7 நாளுக்குள் மத்தியப் பதிவேட்டுக்கு ஒரு மீட்பு அறிக்கை கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் பெயர் திரும்ப ரிடெம்ப்ஷனுக்கே போய்விடும். தினமும் ஒருமுறை நிலையைப் பாருங்கள், மாறாவிட்டால் போன் செய்து நச்சரியுங்கள்.

மாறியதும், அவர் மனசு மாறுவதற்குள் அதே நிறுவனத்தில் உங்கள் பெயரில் ஒரு கணக்கு திறந்து, பெயரை அதற்குள் தள்ளச் சொல்லுங்கள். வேறு நிறுவனத்துக்கு இப்போது மாற்ற வேண்டாம். உரிமையாளர் பெயரை மாற்றினால் சில இடங்களில் 60 நாள் பூட்டு விழும், அது முடியட்டும். பதிவில் உங்கள் பெயர், உங்கள் ஜிமெயில், அப்பாவின் போன் எண். ஒரே தடவையில் 10 வருடம் வரை கட்டலாம். அவ்வளவு வேண்டாம் என்றால் மூன்று வருடமாவது போடுங்கள். டிஎன்எஸ் பழைய மாதிரியே இருக்கிறதா என்றும் பாருங்கள், விளம்பரப் பக்கம் போட்டபோது மாற்றியிருப்பார்கள். பழைய நேம்சர்வர் (பெயரை சைட்டோடு இணைக்கும் சர்வர்) எது என்று மதுரைக்காரரிடம் இன்றே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.